57இல் 54

சர்ஜன்கள் எழுதிய உரைநடை பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் வந்தது ரிச்சர்ட் ஸெல்ஸரைப் படித்ததால். எழுதி முடிக்கும்போது ஸெல்ஸர் ஓரத்துக்குப் போய்விட்டார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸெல்ஸர் 1928இல் நியூயார்க் மாநிலத்தின் ட்ராய் நகரில், ஒரு டாக்டருக்கு மகனாகப் பிறந்தவர். யேலில் அறுவைச் சிகிச்சை கற்பித்துக்கொண்டே, நாற்பது வயதை ஒட்டி எழுதத் தொடங்கினார். முன்னிரவிலேயே படுத்து, 1 மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் எழுதிவிட்டு மறுபடியும் தூங்கப்போவது அவர் வழக்கம். 'மார்ட்டல் லெஸன்ஸ்' 1976இல் வந்தது. எண்பதுகளின் மத்தியில் கத்தியை வைத்துவிட்டு முழுக்க எழுத்துக்கு வந்தார், 2016இல் இறந்தார். பகலில் செக்குகளையும் இரவில் பிறர் கவிதைகளையும் சரிபார்க்கிற என் போன்றவனுக்கு இந்த வாழ்க்கையில் ஒரு கவர்ச்சி இருக்கத்தான் செய்யும். ஆனால் புத்தகத்தை இரண்டாம் முறை படித்தபோது சலிப்புத் தட்டியது. சர்ஜனைப் பூசாரியாக்கி ஒரு கட்டுரை. ஈரலுக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று, கல்லுக்கு ஒன்று. வயிறு திறந்தவுடன் கர்ப்பக்கிருகத்தின் பாஷை வந்துவிடுகிறது. அழகான வாக்கியங்கள்தாம். எந்த வாக்கியத்துக்கும் ஸெல்ஸர் பதில் சொல்லவேண்டிய நிர்ப்பந்தம் இல்லை என்பதே என் குறை.

இதை நான் ஒரு சர்ஜனிடமே சொன்னேன். எங்கள் ஊரில் பெருங்குடல், மலக்குடல் ஆபரேஷன் மட்டுமே செய்பவர். போர்டில் அப்படி எழுதியிருக்கிறது. ஊர் சொல்வது 'பைல்ஸ் டாக்டர்'. அவர் ஸெல்ஸரைப் படித்ததில்லை. படிக்க நேரமும் இல்லை என்றார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்துக் கொடுத்து, "சார், நீங்க இங்கிலீஷ் பி.ஏ. இதப் படிச்சுட்டு நல்ல எழுத்தான்னு சொல்லுங்க" என்றார். 1908ஆம் வருஷத்து 'லான்ஸெட்' கட்டுரை. எழுதியவர் லண்டன் கேன்ஸர் ஆஸ்பத்திரியின் எர்னஸ்ட் மைல்ஸ்.

நல்ல எழுத்துதான். எனக்கு அது தெரிய இரண்டு நாள் ஆயிற்று.

மைல்ஸ் சொல்கிற விஷயம் இது. 1899 முதல் 1906 வரை மலக்குடல் புற்றுநோய்க்குக் கீழிருந்து, ஆசனவாய்ப் பக்கமிருந்து, 57 பேருக்கு அறுத்தார். அன்றைய முறை அது. 57இல் 54 பேருக்கு நோய் திரும்ப வந்தது. மிச்சம் 3. இந்த எண்ணை அவர் அடிக்குறிப்பில் ஒளிக்கவில்லை, ஆஸ்பத்திரி வசதியின்மீதோ நோயாளிகள் தாமதமாக வந்ததன்மீதோ ஏற்றவில்லை. செத்தவர்களைப் பின்தொடர்ந்து போய்ப் பிரேதப் பரிசோதனை செய்து, நோய் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்தார். தான் வெட்டிய இடத்துக்கு மேலே, தன் விரல் எட்டாத இடத்தில், குடலைப் பிடித்திருக்கும் சவ்விலும் நிணக்கணுக்களிலும் அது இருந்தது. ஆகவே வயிற்றைத் திறந்து மேலிருந்தும் வரவேண்டும், கீழிருந்தும் வரவேண்டும் என்று புது முறையை வகுத்தார். அந்த முறையில் செய்த முதல் 12 பேரில் 5 பேர் ஆபரேஷனிலேயே போனார்கள். அதையும் சொல்கிறார்.

தன் ஏழு வருஷ வேலை தோற்றது என்பதை எண்ணில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போகிற உரைநடை தமிழ் விமர்சனத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. நாம் கவிஞர்களைக் கண்டுபிடித்தோம் என்று எழுதியிருக்கிறோம். பத்து வருஷம் கழித்து அந்தக் கவிஞர்கள் என்ன ஆனார்கள் என்று திரும்பிப்போய்ப் பார்த்தவர் யார்? நான் முன்னுரையும் மதிப்புரையுமாகத் தூக்கிவைத்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன். விகிதம் மைல்ஸுடையதைவிட ரொம்ப மேலாக இல்லை. அந்தக் கணக்கை இங்கே அச்சிடும் தைரியம் எனக்கு இல்லை, மைல்ஸுக்கு இருந்தது.

இந்தத் தொழிலில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. லீட்ஸில் ஃபிலிப் குவர்க் என்ற பாதாலஜிஸ்ட், வெட்டியெடுத்த மலக்குடலை நீளவாட்டில் பிளக்காமல், ரொட்டியைப்போல் குறுக்கே துண்டு துண்டாக அறுத்துப் பார்த்தார். 1986இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரையில் 52 நோயாளிகள். 14 பேரின் துண்டுகளில் பக்கவாட்டு ஓரத்திலேயே நோய் இருந்தது. இவர்களுக்குத்தான் பெரும்பாலும் அதே இடத்தில் நோய் மறுபடி முளைத்தது. சர்ஜன் 'முழுக்க எடுத்துவிட்டேன்' என்று நம்பி வீட்டுக்குப் போயிருப்பார். ஓரம் வேறு சொன்னது. இன்று நல்ல ஆஸ்பத்திரிகளில் எடுத்த குடலை முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, அதைச் சுற்றிய கொழுப்பு உறை கிழியாமல் வந்திருக்கிறதா என்று மூன்று தரமாகப் பிரித்து எழுதுகிறார்கள். சர்ஜனின் கைக்கு மதிப்பெண் போடுவது வேறொருவர், மைக்ராஸ்கோப் அறையில், அவர் முகத்தைப் பார்க்காமல். எங்கள் டாக்டர் சொன்னார்: "ரிப்போர்ட் வர்ற நாள்ல எங்க வீட்ல யாரும் என்கிட்ட பேச மாட்டாங்க." விமர்சகன் என்ற பெயரை நாம் எவ்வளவு மலிவாகச் சூடிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போது பட்டது.

பேஸிங்ஸ்டோக்கின் பில் ஹீல்டைப் பற்றிச் சுருக்கமாக. அந்தக் கொழுப்பு உறையைக் கிழிக்காமல் எடுக்கவேண்டும் என்று 1982இல் எழுதியவர் அவர்தான். கருவில் உறுப்புகள் உருவானபோதே விழுந்த ஒரு பிரிவு அங்கே இருக்கிறது, சிலந்தி வலைபோன்ற மெல்லிய திசு; அதன் வழியே போனால் ரத்தம் அதிகம் வராது, சிறுநீருக்கும் ஆண்மைக்கும் போகிற நரம்புகள் தப்பும், நோய் உறைக்குள்ளேயே வெளியே வந்துவிடும். அதற்கு 1988இல் அவர் வைத்த பெயர் 'புனிதத் தளம்'. தளம் என்ற சொல்லை நாம் விமர்சனத்தில் தேய்த்துத் தீர்த்துவிட்டோம்: அனுபவத் தளம், பிரக்ஞைத் தளம், இன்னும் என்னென்னவோ. ஹீல்டின் தளத்தில் கத்தரிக்கோல் போகும். வேறு ஆஸ்பத்திரிகளில் 100க்கு 20, 30 பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பிக்கொண்டிருந்தபோது, 1986இல் அவர் காட்டிய கணக்கு 4க்கும் கீழே. புனிதம் என்ற சொல்லை ஸெல்ஸரிடம் மன்னிக்க முடியாமல் ஹீல்டிடம் மன்னிக்க முடிவது இதனால்தான்.

இனி நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு வருகிறேன்.

மைல்ஸின் முறைக்கு ஐந்து விதிகள். முதல் விதி, வயிற்றில் ஒரு ஆசனவாய் வைத்தே ஆகவேண்டும் என்பது. அவர் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போகிறார். அந்த வரிக்குள் ஒரு மனிதனின் மிச்ச ஆயுள் முழுவதும் இருக்கிறது. பிழைத்தவர்களை எண்ணத் தெரிந்த மைல்ஸுக்கு, பிழைத்தவர் மறுநாள் காலையில் என்ன செய்வார் என்பது கட்டுரைக்குள் வரும் விஷயமாகப் படவில்லை. அது கட்டுரைக்குள் வர அரை நூற்றாண்டு ஆயிற்று, வந்ததும் ஒரு நோயாளியின் மூலம். ஒஹையோவின் ஆக்ரன் ஊரைச் சேர்ந்த நார்மா கில் என்ற பெண்ணுக்குப் பெருங்குடல் முழுக்கப் புண். 1954இல் க்ளீவ்லண்ட் க்ளினிக்கில் ரூபர்ட் டர்ன்புல் ஆபரேஷன் செய்து சிறுகுடலின் வாயை வயிற்றில் வைத்தார். 1958இல் அதே டர்ன்புல் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார். நர்ஸ் படிப்பு இல்லாதவர். தன் வயிற்றில் இருப்பதைப் பராமரிக்கத் தெரிந்தவர், அவ்வளவே. பை எப்படி ஒட்டுவது, தோல் வெந்துபோகாமல் எப்படிப் பார்ப்பது, கணவனிடம் எப்படிச் சொல்வது என்பதையெல்லாம் அவர் படுக்கை படுக்கையாகப் போய்ச் சொன்னார். 1961இல் அது ஒரு பள்ளியாயிற்று. கத்தி பிடித்தவர் தனக்குத் தெரியாதது இது என்று ஒப்புக்கொண்டு பக்கத்து நாற்காலியில் நோயாளியை உட்காரவைத்தது, என் அபிப்பிராயத்தில், ஸெல்ஸரின் எல்லாப் பக்கங்களையும்விடப் பெரிய இலக்கியச் செயல்.

என் அப்பாவுக்கு அந்த ஆபரேஷன் நடந்தது. செய்தவர் மேலே சொன்ன டாக்டர். எனக்கு அவர் அறிமுகமானதே அப்படித்தான்.

முதல் நாள் சாயந்திரம் அவர் ஒரு மார்க்கர் பேனாவோடு வார்டுக்கு வந்தார். அப்பாவை நிற்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார், சம்மணம் போடச் சொன்னார். வயிற்றில் மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்த்தார். பிறகு, "ஐயா, வேட்டிய எங்க கட்டுவீங்க? வழக்கமாக் கட்டுற மாதிரி ஒருக்காக் கட்டிக் காட்டுங்க" என்றார். அப்பா எழுந்து, உதறி, கட்டிக் காட்டினார். அறுபத்தெட்டு வயதில் பலர் முன்னால் வேட்டி கட்டிக் காட்டுவது அவருக்குச் சிரிப்பாக இருந்தது. "போதுமா டாக்டர் தம்பி?" என்றார். டாக்டர் கட்டுக்கு இரண்டு விரல் மேலே, இடப்பக்கம், ஒரு வட்டம் போட்டார். மைல்ஸின் முதல் விதியை அவர் வேட்டிக்குத் தக்கபடி எழுதிக்கொண்டிருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் உடலைப் பற்றிய கவிதைகளுக்காக வாதாடியவன். இந்தப் பக்கங்களிலேயே மூன்று கட்டுரைகள். ஆசாரத் தமிழ் உடலை மறைத்தது, புதுக்கவிதை அதைத் திறந்தது என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். லீவு விண்ணப்பத்தில் 'தந்தைக்கு வயிற்றுக் கோளாறு' என்று எழுதினேன். சகாக்கள் கேட்டபோது அல்சர் என்றேன். நம் மொழியில் இதற்குச் சொல் இல்லை என்பதும் பொய். மலத்தை மும்மலமாக்கி ஒரு தத்துவத்தையே சைவ சித்தாந்தம் கட்டியிருக்கிறது. சித்தர்கள் உடம்பை வைதே பாடினார்கள். 'மூலம்' என்ற சொல்லை மொழிபெயர்ப்புச் சர்ச்சையில் உரக்கச் சொல்கிறோம், மருந்துக்கடையில் அதே சொல்லுக்குக் குரல் இறங்கிவிடுகிறது. வைவதற்கும் வழிபடுவதற்கும் பாஷை இருக்கிறது. பை கசிந்துவிட்டது, ஒரு துண்டு கொண்டு வா என்று சொல்ல அப்பாவுக்குப் பாஷை இல்லை. அவர் செம்பைத் தரையில் தட்டுவார். அம்மா போவாள். நாங்கள் டி.வி. சத்தத்தைக் கூட்டுவோம்.

டாக்டரின் சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். சொல்வதற்கு அதிகம் இல்லை என்பார். குடலை வெட்டி மறுபடி இணைத்த கேஸ் என்றால் முதல் ஒரு வாரம் கல்யாணம் காட்சிக்குப் போகமாட்டார். தையல் விட்டால் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் தெரியும்: லேசான ஜுரம், நாடி கொஞ்சம் வேகம், நோயாளி 'என்னமோ போல இருக்கு' என்பார். அந்த 'என்னமோ' என்ற சொல்லுக்காக அவர் ராத்திரி இரண்டு தடவை போன் பண்ணுகிறார். சொந்தத் தங்கை கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் மண்டப வாசலில் போனோடு நின்றவர். பெண் பார்க்கப்போன இடத்தில், என்ன டாக்டர் என்று கேட்டு, சொன்னதும் ஒரு சிரிப்பை அடக்கினார்களாம். இன்று சில நோயாளிகளுக்குக் கதிர்வீச்சும் மருந்துமே போதுமானதாகி, கத்தியே வைக்காமல் மாதாமாதம் சோதித்துப் பார்த்திருக்கலாம் என்றாகியிருக்கிறது. ஸாவோ பாலோவின் அங்கெலிட்டா ஹப்ர்-காமா 2004இல் அப்படி 71 பேரின் கணக்கை வெளியிட்டார். "கட்டி கரஞ்சுடுச்சு, அறுக்க வேண்டாம்னு சொல்லி அனுப்பின அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல" என்றார் எங்கள் டாக்டர். அப்பாவுக்குக் கரையவில்லை.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது, எங்கள் பாங்கில் முன்பு இருந்த லெட்ஜர்போல. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஒரு வரி, வலது பக்கம் காலியாக விட்ட கட்டங்கள். வருஷா வருஷம் கூப்பிட்டு அந்தக் கட்டங்களை நிரப்புகிறார். அப்பா இறந்த வருஷமும் போன் வந்தது. நான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை.

"எதனால?"

"ஹார்ட் அட்டாக், டாக்டர்."

பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. நோய் திரும்பவில்லை, அவருடைய கணக்கில் அப்பா நல்ல பக்கத்தில் இருக்கிறார். வைத்துவிடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இன்னொன்று கேட்டார்.

"அந்த ஆறு வருஷமும் பை அவருக்குச் சிரமமா இருந்துச்சா? வேட்டி கட்டுறதுக்குச் சரியா இருந்துச்சா?"

தெரியாது என்றேன். நான் அவரிடம் கேட்டதில்லை என்றேன்.

"அம்மாகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?" என்றார்.