திறக்காத பொத்தான்கள்

‘அவதார்’ படத்தின் பண்டோரா கண்ணுக்கு விருந்து. இரவில் செடிகள் ஒளிர்கின்றன, மலைகள் அந்தரத்தில் மிதக்கின்றன, குதிரைக்கு ஆறு கால். ஆனாலும் அரைமணி நேரத்தில் எல்லாம் பழகிவிடுகிறது. எத்தனை கால் இருந்தென்ன, ஏறி உட்கார்ந்து ஓட்டத் தொடங்கியதும் அது குதிரைதான். அங்குள்ள விலங்குகள் பலவற்றுக்கு ஆறு உறுப்புகள் இருக்க, நாவி மக்களுக்கு மட்டும் நம்மைப் போலவே இரண்டு கை, இரண்டு கால். கதாநாயகன் காதலிக்க வேண்டுமே!

கால்களையும் நிலவுகளையும் கூட்டிக்கொண்டே போவதால் ஓர் உலகம் அந்நியமாகிவிடாது. நாம் யோசிக்காமலேயே நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றை எழுத்தாளர் உருவிவிட வேண்டும். கீழே என்பது எந்தப் பக்கம்? நீட்டிய கை எதையாவது தொடுமா? ஆராய்ந்தால் புரிந்துவிடும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அறிவியல் புனைகதையில் இவற்றில் கைவைத்துக் கரைசேர்ந்த நூல்கள் சிலவே.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. பிரெஞ்சில் எழுதிய ரோனி 1887-இல் வெளியிட்ட ‘ஸிபேயூஸ்’ கதையில், பழங்கால மெசபடோமியாவின் நாடோடிகள் கூம்பும் உருளையுமான உயிர்களை எதிர்கொள்கிறார்கள். அவற்றுக்கு முகம் கிடையாது. பேச்சுவார்த்தைக்கு வழியே இல்லை. 1898-இல் நூலாக வந்த வெல்ஸின் ‘உலகங்களின் போர்’ இதைவிடப் பெரும்புகழ் பெற்றது. அதன் செவ்வாய்வாசிகள் பயங்கரமானவர்கள். ஆனால் நாடு பிடிக்க வந்தவர்கள். அந்த வகையறாவை நமக்குத் தெரியாதா என்ன? அந்த நாவலில் என்னை இன்றும் உறுத்துவது தேம்ஸ் ஆற்றை அடைத்துக்கொண்டு படரும் செவ்வாயின் சிவப்புக் களை. அதற்கு நம்மேல் பகை இல்லை, நம்மைத் தெரியவே தெரியாது. செவ்வாய்வாசிகளின் முக்காலி எந்திரங்களைவிட அது ஒரு படி மேல்.

ஐம்பதுகளில் அமெரிக்காவின் பள்ளி ஆசிரியர் ஒருவர் கணக்குப் போட்டு ஓர் உலகத்தைச் செய்தார். ஹால் கிளெமென்ட் எழுதி, 1953-இல் தொடராக வந்த ‘மிஷன் ஆஃப் கிராவிட்டி’ நாவலின் மெஸ்க்லின் கிரகம் அசுர வேகத்தில் சுழல்வதால் தட்டைவடிவம் கொண்டது. அங்கே ஒரு நாள் என்பது ஏறக்குறைய 18 நிமிடம். நிலநடுக்கோட்டில் ஈர்ப்பு பூமியைப் போல மூன்று மடங்கு, துருவத்திலோ சுமார் 700 மடங்கு. கடலில் நீருக்குப் பதில் திரவ மீத்தேன். அதில் கலம் செலுத்தும் வணிகன் பார்லென்னன் ஒன்றேகால் அடி நீளத்தில் பூரானைப் போலிருப்பவன்.

எண்களை யார் வேண்டுமானாலும் எழுதலாம். கிளெமென்ட் அவற்றைப் பார்லென்னனின் நரம்புக்குள் இறக்குகிறார். துருவப் பகுதியில் அரை அடி உயரத்திலிருந்து விழுவது, பூமியில் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஆகவே அவன் இனத்தாருக்கு உயரம் என்றாலே மரணம். தலைக்குமேல் கனமான பொருள் இருந்தால் நடுங்குவார்கள். ஒரு பொருளை வீசி எறிய முடியும் என்பதே அவர்களுக்குத் தோன்றியதில்லை, ஏனெனில் அது கையைவிட்டுக் கிளம்பும் முன்பே தரையில் அறைந்திருக்கும். நிலநடுக்கோட்டுப் பகுதியில் அவனைச் சந்திக்கும் மனிதர் சகஜமாகத் தூக்கித் தன் ஊர்தியின் கூரைமேல் வைக்கிறார். பார்லென்னனுக்குச் சித்தம் கலங்குகிறது. படிக்கும் நமக்கும் ஒரு கணம் நம் உயரமே அபாயமாகப் படுகிறது. குறை என்றால் பேரம் பேசுகையில் பார்லென்னன் நம்மூர்க் கடைத்தெருவில் உட்கார்ந்திருக்கும் ஆள்போலவே இருக்கிறான்.

ராபர்ட் ஃபார்வர்டின் ‘டிராகன்ஸ் எக்’ (1980) இந்தக் குறையைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. நியூட்ரான் விண்மீன் ஒன்றின் மேற்பரப்பு, 6,700 கோடி மடங்கு ஈர்ப்பு, எள்ளளவு உயிர்கள், அவற்றின் வாழ்வோ நம்மைவிடப் பத்து லட்சம் மடங்கு வேகம். மலைக்க வைக்கும் கற்பனைதான். ஆனால் அந்த எள்களின் மதமும் அரசியலும் நாம் ஏற்கெனவே படித்த சரித்திரம். போதாததற்கு, 1995-இல் 51 பெகாசி என்ற விண்மீனை நாலேகால் நாளுக்குள் சுற்றிவரும் பெருங்கோளைக் கண்டுபிடித்ததிலிருந்து, வினோத எண்களைத் தருவதில் வானியலாளர்களே கதாசிரியர்களை முந்திவிட்டார்கள்.

1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்குக்கு, வேற்றுயிர்கள் கடைசியில் நம்மைப் போலவே ஆகிவிடும் ஆபத்து தெரிந்திருந்தது. ‘ரெண்டவூ வித் ராமா’ (1973) நாவலில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் அகலமுமான ஓர் உருளை சூரியமண்டலத்துக்குள் நுழைகிறது. அதன் உட்சுவர்தான் நிலம். நடுவில் வளையமாக ஒரு கடல். அண்ணாந்து பார்த்தால் தலைக்குமேல் தண்ணீர் தொங்குகிறது. உள்ளே இறங்கும் தளபதி நார்ட்டன் எது கீழ் என்பதை மனத்துக்குள் முடிவுசெய்துகொண்டாக வேண்டும். தவறான படத்தை மனத்தில் வரைந்துகொண்டால் பீதிதான். அதைக் கட்டியவர்கள் கடைசிவரை தென்படவே இல்லை. ராமா சூரியனை உரசிச் சக்தி சேர்த்துக்கொண்டு, மனிதர்களைச் சட்டைசெய்யாமல் தன் வழியே போய்விடுகிறது. கிளார்க்கின் மனிதப் பாத்திரங்கள் அட்டைதான். ஆனால் அந்த அலட்சியத்தை எழுத அவரால் முடிந்தது.

இவர்கள் எல்லாரையும் தாண்டி நிற்பது, லிவிவ் நகரில் பிறந்து மருத்துவம் படித்த ஸ்தனிஸ்லாவ் லெம் போலிஷ் மொழியில் எழுதிய ‘சோலாரிஸ்’ (1961). சிவப்பு, நீலம் என இரு சூரியன்களைச் சுற்றும் கிரகம் அது. கணக்குப்படி அதன் பாதை நிலைக்கக் கூடாது. நிலைக்கிறது, கிரகத்தை மூடியிருக்கும் கடல் அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. அந்தக் கடலுக்கு அறிவு உண்டா என்று தலைமுறை தலைமுறையாக ஆராய்கிறார்கள். தன்னருகே கொண்டுவரப்படும் பொருள்களின் உருவத்தை அது நுரைபோல எழுப்பிக் காட்டுகிறது. மலையளவு சமச்சீர் வடிவங்களைக் கட்டிச் சில மணிநேரத்தில் குலைக்கிறது. காரணம் தெரியாது.

லெம் இதைச் சொல்லத் தேர்ந்த இடம் விண்வெளி நிலையத்தின் நூலகம். பக்கம் பக்கமாகக் கோட்பாடுகள், வகைப்பாடுகள், ஒன்றையொன்று மறுக்கும் சிந்தனைப் பள்ளிகள், சலித்துப்போன பிந்தைய தலைமுறை. ஆய்வேடுகளின் வறண்ட நடை அவ்வளவு கச்சிதமாக இருப்பதால், எல்லாவற்றையும் பெயரிட்டு அடுக்கிய பிறகும் எதுவுமே பிடிபடவில்லை என்பது வாசகரின் மேல் கல்லாக இறங்குகிறது.

அதே நாவலில், நிலையத்துக்கு வரும் ஆய்வாளன் கெல்வினிடம் இறந்துபோன அவன் மனைவி திரும்பி வருகிறாள். கடல் அவன் நினைவிலிருந்து செய்து அனுப்பிய உரு. அவள் ஆடையைக் கழற்றப் பார்க்கிறார்கள், முடியவில்லை: பொத்தான்கள் வெறும் அலங்காரம், திறப்பு என்று ஒன்று துணியில் இல்லவே இல்லை. கத்தரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அவள் உள்ளங்காலோ இதுவரை நடந்தே அறியாத குழந்தையின் உள்ளங்காலாக இருக்கிறது. என் கணக்கில், அறிவியல் புனைகதையின் அத்தனை ராட்சதப் பிராணிகளும் சேர்ந்தாலும் அந்தப் பொத்தான்களுக்கு ஈடாகாது. நாவலைத் தழுவிய தார்க்கோவ்ஸ்கியின் 1972 படம் மகத்தானது, ஆனால் அது குற்றவுணர்வின் பக்கம் சாய்ந்து கடலைப் பின்னுக்குத் தள்ளியது. லெம் அதை ஏற்கவில்லை. அவர் பக்கம்தான் நியாயம்.

நாவலின் முடிவில் கெல்வின் அலையை நோக்கிக் கையை நீட்டுகிறான். அலை தயங்குகிறது, பிறகு கையைச் சூழ்ந்துகொள்கிறது. ஆனால் தொடுவதில்லை, நடுவே மெல்லிய காற்றிடைவெளி. சிலமுறை செய்தபின் கடலுக்கு ஆர்வம் போய்விடுகிறது.

சோவியத் யூனியனில் ஸ்துருகாட்ஸ்கி சகோதரர்கள் 1972-இல் வெளியிட்ட ‘ரோட்சைட் பிக்னிக்’ இதற்கு எதிர்த்திசையில் போகிறது. வேற்றுலகிலிருந்து வந்தவர்கள் போய்விட்டார்கள், விட்டுச்சென்ற குப்பை மட்டும் கிடக்கிறது. பொருள் திருடப் போகிறவர்கள் முன்னால் ஒரு நட்டை வீசி, அது எப்படி விழுகிறது என்று பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கிறார்கள். தேநீர்த் தட்டு அளவில் இரண்டு செப்புத் தகடுகள், நடுவே வெற்றிடம், ஆனால் இரண்டையும் நெருக்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. விஞ்ஞானிக்கு அது புதிர், திருடனுக்கு அன்றைய கூலி. அந்தக் கூலிக் கணக்குதான் நம்மை நம்பவைக்கிறது.

அண்மைக்கால எழுத்தில் ஜெஃப் வாண்டர்மீரின் ‘அனைஹிலேஷன்’ (2014) தனித்து நிற்கிறது. அவர் வேறு கிரகத்துக்குப் போகவே இல்லை. ஃபுளோரிடாவின் சதுப்புநிலக் காப்பகத்தில் தான் நடந்து பழகிய பாதைகளையே எடுத்துக்கொண்டார். அங்கே நீந்தும் டால்ஃபினின் கண் மட்டும் மனிதக் கண்போல் இருக்கிறது. மற்றதெல்லாம் வழக்கமான நாணலும் நீரும்.

இவற்றில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருப்பவர்கள் ‘சோலாரிஸை’ எடுங்கள். 1970-இன் ஆங்கிலப் பதிப்பு பிரெஞ்சு வழியாக வந்தது. போலிஷிலிருந்து நேரடியாகப் பில் ஜான்ஸ்டன் செய்த மொழிபெயர்ப்பு 2011-இல் வெளியானது. அதைத் தேடிப் படிப்பது நல்லது. நூலக அத்தியாயங்கள் இழுக்கின்றன என்று பலர் அவற்றைத் தாண்டிவிடுகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள்.