ஜிராவா, ஜிரியா?

ஆங்கிலம் வழியாக இத்தாலியன் கற்றுத்தரும் ஒரு பட்டியலை ஒரு மாசமா படிச்சுட்டு வர்றேன். வழி சொல்லும் பாடத்தில் 'டர்ன் ரைட்' என்பதற்கு ஒரே வரி: 'ஜிரா ஆ தெஸ்த்ரா'. தப்பில்லை. ஆனால் அதன் பொருள் 'வலப்பக்கம் திரும்பு'. முன்பின் தெரியாத பெரியவரிடம் 'ஜிரி', அதாவது 'திரும்புங்க' என்றுதான் சொல்லணும்.

சரி, 'இ'யில் முடிந்தால் மரியாதை என்று நினைச்சுடாதீங்க. 'எடு' என்பதற்கு அப்படியே தலைகீழ்: 'ப்ரெந்தி' என்றால் எடு, 'ப்ரெந்தா' என்றால் எடுங்க. யோசனை சொல்லும்போதும் 'தி கொன்சீல்யோ' உனக்கு, 'லே கொன்சீல்யோ' உங்களுக்கு. பட்டியலில் இது எதுவுமே இல்லை.

காரணம் எளிது. ஆங்கில 'யூ'வுக்குள் நீயும் நீங்களும் ஒண்ணு. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் யார் வழி கேட்டாலும் 'நேரா போங்க' என்கிற நமக்கு இந்த வேறுபாடு பழகினது. ஆங்கிலத்தைச் சுற்றிப் போய் அதைத் தொலைக்கிறோம்.

எதிர்த்திசையில் வந்த இத்தாலியர் ஒருவர் உண்டு. நம்ம மாவட்டத்து ஆவூர் தேவாலயத்தில் பணியாற்றிய வீரமாமுனிவர். செந்தமிழுக்குத் தனி இலக்கணம், மக்கள் பேசும் தமிழுக்குத் தனி இலக்கணம் என லத்தீனில் எழுதினார். பேச்சுத்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. எந்த இடத்தில் எந்தத் தமிழ் என்பது அவருக்கு முக்கியமாக இருந்தது.

என் நோட்டில் இப்போது ஆங்கிலப் பத்தியை அடிச்சுட்டேன். 'நீ', 'நீங்க' என இரண்டு பத்திகள். பாதி குழப்பம் தீர்ந்தது.