குவிக்க முடியாதது எது?

பாய்மம் என்றால் என்ன என்று சிறுவர்களுக்கு விளக்க நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் ஒரே வழிதான் நடப்பில் இருக்கிறது. ஒரு செம்புத் தண்ணீரை டம்ளரில் ஊற்றி, அதையே பாட்டிலுக்கு மாற்றி, "பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது, பார்த்தீர்களா?" என்பது. ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் தனிப் பாடமாக வரும்போதும் பிள்ளைகள் மனத்தில் நிற்பது இந்தத் தண்ணீர்தான்.

இந்த வழியை லேசாகத் தள்ளிவிட முடியாது. காசு செலவில்லை, கருவி வேண்டாம், கடைசி பெஞ்சுக்கும் தெரியும். இன்னொரு பலனும் உண்டு. ஒல்லியான உயர டம்ளரில் இருந்தால் தண்ணீர் கூடுதல் என்று ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் நம்புவதை ழான் பியாஜே ஆராய்ந்து காட்டியிருக்கிறார். வடிவம் மாறலாம், அளவு மாறாது என்ற எண்ணம் ஊன்ற இந்தச் செம்பும் டம்ளரும் உதவுகின்றன.

சிக்கல், "அரிசியும் அப்படித்தானே சார்?" என்று ஒரு பிள்ளை கேட்கும்போது தொடங்குகிறது. "அது திடப்பொருள், உட்கார்" என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் கேள்வி நியாயமானது. அரிசியும் படியின் வடிவத்தை எடுக்கிறது. மூட்டையைச் சாய்த்தால் அதுவும் பாய்கிறது. விடை அளக்கிற இடத்திலேயே இருக்கிறது. அரிசியைத் தலை தட்டியும் அளக்கலாம், கோபுரமாகக் குவித்தும் அளக்கலாம். எண்ணெயைக் குவித்து அளக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது. மணிகள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொள்வதால் அரிசியின் சரிவு நிற்கிறது. உலர்ந்த மணலில் அந்தச் சரிவு ஏறத்தாழ 30 முதல் 35 பாகை வரை நிற்கும். தண்ணீருக்கு அந்தப் பிடிமானம் இல்லை. பக்கவாட்டில் எவ்வளவு சிறிய விசை இழுத்தாலும் அது நகர்ந்துகொண்டே இருக்கும், மட்டமாகும் வரை. மேல் வகுப்பில் சறுக்குப் பெயர்ச்சித் தகைவு என்று பயமுறுத்துவது இதைத்தான். பாத்திர வடிவத்தைவிடக் குவியுமா குவியாதா என்பது நல்ல சோதனை. அதற்கும் ஒரு கைப்பிடி அரிசி போதும்.

இரண்டாவது குறை காற்று. வாயுவும் பாய்மமே என்று ஒரு வரி எழுதிப்போட்டுவிட்டு, பாடவேளை முழுவதையும் தண்ணீருக்கே கொடுத்துவிடுகிறோம். ஒரு ஜாடியில் சமையல் சோடாவும் வினிகரும் கலந்து, நுரை அடங்கியதும், கரைசல் சிந்தாமல் ஜாடியை எரியும் மெழுகுவத்தியின் மேல் மெல்லச் சாய்த்தால் சுடர் அணையும். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு கனம் என்பதால் கீழே வழிகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஊற்ற முடிகிறது என்பது பிள்ளைக்குப் புதுச் செய்தி. பத்து வரையறைகளுக்கு இது ஒன்று ஈடு.

பாடப்படங்களில் வரும் துகள் உருண்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். திடத்தில் நெருக்கம், திரவத்தில் பாதி இடைவெளி, வாயுவில் முழு இடைவெளி என்று படிப்படியாக வரைவது பார்க்க அழகு, ஆனால் தவறு. திரவத்தின் துகள்களும் ஏறக்குறைய ஒட்டியே கிடக்கின்றன. தண்ணீர் பனிக்கட்டியைவிட நெருக்கமானது. அதனால்தான் பனிக்கட்டி மிதக்கிறது. கொதிநிலையில் ஆவியாகும்போதோ பருமன் சுமார் 1,700 மடங்காகிறது. இவ்வளவு பெரிய தாவலை மூன்று சமமான படிகளாக வரைந்தால், மருந்தூசிக் குழலின் முனையை விரலால் அடைத்து அழுத்தும்போது காற்று சுருங்குவதும் தண்ணீர் சுருங்காததும் புரியாமலே போகும்.

குவிக்கும் சோதனைக்கும் எல்லை உண்டு. பற்பசை பிதுக்கிய இடத்தில் குவிந்தே நிற்கும், ஆனால் அமுக்கினால் வழியும். சோள மாவைத் தண்ணீரில் குழைத்தால் குத்தும்போது கெட்டி, விட்டால் ஒழுகல். அறிவியல் கண்காட்சிகளில் இதற்குத்தான் கூட்டம். சாதாரண பாய்மம் பிடிபடும் முன் விதிவிலக்கைக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கைதட்டல் கிடைக்கும், தெளிவு கிடைக்காது.

உயர்நிலை வகுப்புக்குப் பொருத்தமான விதிவிலக்கு வேறொன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் 1927இல் தாரைப் போன்ற கீலை உருக்கிப் புனலில் ஊற்றினார். 1930இல் புனலின் அடியை வெட்டித் திறந்தார். சுத்தியலால் தட்டினால் சில்லுச் சில்லாக உடையும் பொருள் அது. ஆனாலும் புனலிலிருந்து துளித்துளியாக ஒழுகுகிறது. ஒன்பதாவது துளி 2014இல்தான் விழுந்தது. எவ்வளவு நேரம் காத்திருந்து பார்த்துப் பாய்மம் என்று முடிவு செய்வது என்ற கேள்வியை இதைக் காட்டி எழுப்பலாம். பாத்திர வடிவ வரையறையில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.