பிறை நிலையத்தில் பனிக்காலப் புகை

மாதிரி ரயிலைப் படம் எடுத்து, ஃபோட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ அதற்குப் புகையும் மேகமும் விளக்கொளியும் ஏற்றுவது ஏமாற்று வேலை என்பார்கள் பழைய கைகள். அரத்தாலும் பசையாலும் செய்ய முடியாததை மவுஸால் செய்துவிட்டுப் பெருமைப்படலாமா என்பது அவர்கள் கேள்வி. எனக்கு அது ஒப்பவில்லை. அதேசமயம், பார்க்கக் கிடைக்கும் படங்களில் பாதிக்கு மேல் அபத்தமாக இருக்கின்றன என்பதையும் மறுக்க மாட்டேன். செய்பவருக்கு மென்பொருள் தெரிகிறது. தன் ஊரின் வெயிலும் வானமும்தான் தெரிவதில்லை.

முதலில் நியாயத்தைப் பேசிவிடலாம். எச்ஓ அளவு என்றால் நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. அந்த மாதிரியை 30 செ.மீ. தள்ளி நின்று படம் எடுப்பது, அசல் இன்ஜினை 26 மீட்டர் தூரத்தில் நின்று எடுப்பதற்குச் சமம். அசலில் அந்தத் தூரத்தில் புகைபோக்கி முதல் கடைசிப் பெட்டி வரை தெளிவாக விழும். மாதிரியிலோ முன் பஃபர் தெளிந்தால் இரண்டாவது பெட்டி கலங்கிவிடும். இந்தக் கலங்கல்தான் 'இது பொம்மை' என்று கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கிறது. அதனால்தான் பினாங்கின் கொம்தார் கோபுர உச்சியிலிருந்து எடுத்த அசல் தெருப்படத்தின் மேலும் கீழும் கலக்கிவிட்டால் ஜார்ஜ்டவுனே விளையாட்டுச் சாமானாகிவிடுகிறது. முன்பு லென்ஸ் துளையை ஊசிமுனை அளவுக்குச் சுருக்கி இதைச் சமாளித்தார்கள். இப்போது குவியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, தெளிந்த பகுதிகளை மட்டும் மென்பொருளில் சேர்க்கிறார்கள். ஃபோட்டோஷாப்புக்கு இந்த வசதி 2008-இல் வந்தது. இதில் யாரும் எதையும் கூட்டவில்லை. கேமராவின் ஊனத்தைக் களைகிறார்கள், அவ்வளவுதான்.

புகையும் அப்படியே. இரும்பையும் மரத்தையும் 87-இல் ஒரு பங்காக்கலாம். நீரையும் நெருப்பையும் புகையையும் ஆக்க முடியாது. இன்ஜினுக்குள் எண்ணெய் காய்ச்சிப் புகை விடும் கருவி கிடைக்கிறது. அதிலிருந்து வருவது சாமி அறை ஊதுபத்திப் புகைதான். இடநெருக்கடி வேறு. பினாங்குத் தீவின் கெலுகோர் பகுதி அடுக்குமாடி வீட்டில் தண்டவாளம் அலமாரி மேல்தான் ஓட வேண்டும். இன்ஜினுக்குப் பின்னால் ஜன்னல் கிரில் தெரியும். அங்கே வானத்தை ஒட்டுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முன்னோடிகளும் இதற்கு உண்டு. அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் 1950-களின் பிற்பாதியில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி இன்ஜின்களை, இரவில் பெரிய ஃபிளாஷ் வரிசைகளை வைத்துப் படம் எடுத்தார். 1956-இல் எடுத்த மிகப் புகழ்பெற்ற படத்தில் திறந்தவெளித் திரையரங்கு ஒன்றின் திரையில் ஒரு விமானம் பறக்கும். பின்னால் ரயில் போகும். ஃபிளாஷ் வெளிச்சத்தில் திரை வெளுத்துப்போனதால், விமானக் காட்சியை வேறொரு நெகட்டிவிலிருந்து இருட்டறையில் சேர்த்தார். அசல் ரயிலுக்கே அப்படி. நம் பக்கம் வந்தால், 1957-இன் 'மாயாபஜார்' படத்துக்காகச் சென்னை வாகினி ஸ்டுடியோவில் முந்நூறு குட்டி வீடுகளோடு ஒரு துவாரகை கட்டினார்கள். மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் அது நகரமானது. மாதிரியும் ஒளியும் தந்திரமும் எப்போதும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஃபோட்டோஷாப்பை உருவாக்கிய நோல் சகோதரர்களில் ஜான் நோல், சினிமாவுக்குத் தந்திரக் காட்சி செய்யும் நிறுவனத்தில் இருந்தவர் என்பதும் தற்செயல் அல்ல.

இனிக் குறை. பினாங்குத் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கும் பிறை நிலையத்தை மாதிரியாகச் செய்து, மலாயா ரயில்வேயின் 56-ஆம் வகுப்பு நீராவி இன்ஜின் ஒன்றை நிறுத்தி, புகை ஏற்றிய படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த்தில் நிலையம் வருமுன் கோலாலம்பூர்ப் பாதை முடிந்த இடம் பிறைதான்; மலாயாவில் மாதிரிக்கு அதைவிட நல்ல நிலையம் கிடைப்பது கஷ்டம். ஆனால் படத்தில் புகைபோக்கியிலிருந்து கறுத்துத் தடித்த புகை கோபுரம் போல எழும், சக்கரங்களைச் சுற்றி வெள்ளை நீராவி பஞ்சு மெத்தையாய்ப் படுத்திருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் புகை பிரஷ்களின் கைவரிசை இது. அவை பெரும்பாலும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ பனிக்காலத்தில் எடுத்த நிலக்கரி இன்ஜின் படங்களிலிருந்து வெட்டியவை.

நீராவி கண்ணுக்குத் தெரியாது. தெரிவது குளிர்ந்து துளியான நீர். உறைகுளிரில் அது நெடுநேரம் நிற்கும். பினாங்கின் 32 டிகிரிப் பகலில் புகைபோக்கியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே கரைந்துவிடும். மழை விட்ட அதிகாலையில் வேண்டுமானால் சற்றுத் தங்கும். போதாததற்கு, 1938 முதல் வந்த இந்த இன்ஜின்கள் பின்னாளில் எண்ணெய் எரிக்க மாற்றப்பட்டவை. எண்ணெய் இன்ஜினைச் சரியாக எரித்தால் வருவது மெல்லிய சாம்பல் நிறப் புகை. கரும்புகை வந்தால் ஃபயர்மேன் எண்ணெயை அதிகமாகத் திறந்துவிட்டார் என்றோ, குழாய்களில் ஒட்டிய கரியை அகற்ற மணல் போடுகிறார் என்றோ பொருள். சிலிண்டர் ஓரத்து வெள்ளை ஆவி, நின்ற வண்டி புறப்படும்போது வடிகால் திறப்பதால் வருவது. வேகமாக ஓடும் வண்டிக்கு அதைப் போடுகிறவர் ரயிலைப் பார்த்து வரையவில்லை, இன்னொரு படத்தைப் பார்த்து வரைகிறார். இவ்வளவு பெரிய புகைக்குக் கூரைமேல் ஒரு நிழல்கூட இருக்காது என்பது தனிக் கதை.

வானத்திலும் இதே கோளாறு. 2020-இல் ஃபோட்டோஷாப்பில் வானத்தை ஒரே சொடுக்கில் மாற்றும் வசதி வந்த பிறகு எல்லா ரயில்களும் செவ்வானத்தில் ஓடுகின்றன. பினாங்கு வடக்கு அட்சம் 5.4 பாகையில் இருக்கிறது. இங்கே நண்பகல் சூரியன் ஆண்டில் எந்த நாளிலும் 61 பாகை உயரத்துக்குக் கீழே இறங்குவதில்லை. பிளாட்பாரத்தில் நிற்பவரின் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். நீண்ட சாய்நிழலோடு உச்சிவெயில் வானத்தை ஒட்டினால் கண் உடனே சந்தேகப்படும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும். திசையும் உண்டு. பிறையில் நின்றால் சூரியன் மறைவது தீவின் பக்கம், பினாங்கின் கொடிமலை முதுகுக்குப் பின்னால். மலை இல்லாத வெறும் தொடுவானத்தில் பிறையின் அந்தி முடிந்தால், அது எந்த ஊர் அந்தியாகவும் இருக்கலாம், பிறையுடையதாக இருக்க முடியாது. கெலுகோர்க் கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கணக்கு நேர்மாறு: பினாங்குப் பாலத்துக்கு அப்பால் பெருநிலத்தின் மேல் விடியும்.

இவையெல்லாம் கற்றுக்கொண்டால் திருந்தும். திருந்தாத குறை வேறு. படம்தான் மாதிரி கட்டுகிறவரின் கண்டிப்பான மேஸ்திரி. கண்ணுக்குத் தப்பிய பசைக்கறை, கூரை இணைப்பில் விட்ட இடைவெளி, பெரிதாய்த் துருத்தும் கொக்கி எல்லாம் படத்தில் பல்லிளிக்கும். முன்பு அதைப் பார்த்து அரத்தை எடுத்தார்கள். இப்போது குளோன் கருவியை எடுக்கிறார்கள். தண்டவாள அகலத்தையே பாருங்கள். மலாயாப் பாதை ஒரு மீட்டர் அகலம். எச்ஓ அளவில் ஏறத்தாழ 11.5 மி.மீ., கடையில் கிடைப்பது 12. சோம்பேறித்தனத்தாலோ செலவுக்குப் பயந்தோ 16.5 மி.மீ. பாதையில் ஓட்டினால், அது அசலில் 1,435 மி.மீ. ஆகிவிடுகிறது. வண்டி நிற்கும் தோரணையே மாறிப்போகும். படத்தில் புல் பிரஷ் போட்டு மூடிவிடலாம். மேசைமேல் ஓடுவது அப்போதும் மலாயா ரயில் அல்ல.

உண்மைபோல் தோன்றுவதும் உண்மையாக இருப்பதும் வேறு வேறு என்பதற்கு ஜார்ஜ்டவுனிலேயே ஒரு கட்டடம் நிற்கிறது. வெல்ட் கீயில் மணிக்கூண்டோடு 1907-இல் எழுந்த மலாயா ரயில்வே கட்டடத்தில் டிக்கெட் விற்றார்கள், ரயில் வந்ததே இல்லை. பயணிகள் ஃபெரியில் அக்கரை போய்த்தான் வண்டி ஏறினார்கள். அந்தக் கட்டடத்தை மாதிரியாக்கி, முன்னால் ஒரு நீராவி இன்ஜினை ஓட்டி, பழுப்பு நிறமும் பிலிம் புள்ளிகளும் ஏற்றினால் அசல் பழைய படமாகவே தெரியும். 'கற்பனை' என்று கீழே எழுதினால் ரசிப்பேன். எழுதாமல் விட்டால், தாத்தா காலத்துப் பினாங்கு என்று நம்பி வாட்ஸ்அப்பில் தள்ளிவிட ஆள் இல்லாமலா போகும்? எனவே போட்டிக்கோ இதழுக்கோ அனுப்பும்போது திருத்தாத படத்தையும் கூடவே கேட்பது நியாயம் என்பது என் கட்சி.

செயற்கை நுண்ணறிவால் இடத்தை நிரப்பும் கருவிகளிடம் வந்தால் என் பொறுமை இன்னும் குறைகிறது. பழைய மலாயா ரயில்வேயின் எச்சரிக்கைப் பலகைகளில் தமிழும் இருந்தது. பாதை வேலைக்கு வந்தவர்களில் தமிழர் அத்தனை பேர். காலியான பிளாட்பாரத்தில் பலகை ஒன்று நடு என்று இந்தக் கருவியிடம் சொன்னால், ரோமன் எழுத்து ஓரளவு தேறும், தமிழ் இருக்க வேண்டிய வரியில் சுழியும் கொம்புமாய் எதுவோ நெளியும். அதைப் பெரிதாக்கிப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்புகிறார்கள். நல்ல எழுத்துருவில் அந்த வரியைத் தட்டச்சு செய்து, சிறிதாக அச்சிட்டு, வெட்டி ஒட்டக் கால் மணி நேரம் ஆகுமா?