குறுந்தொகைத் தலைவியும் நோய்ப்பெயரும்

சங்க அகப்பாடல்களை உளவியல் நோக்கில் அணுகும் ஆய்வேடுகளில் ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. தலைவியின் உறக்கமின்மை, மெலிவு, பசலை ஆகியவற்றைத் தொகுத்து, உளமருத்துவக் கையேட்டின் குறிகளோடு பொருத்தி, 'மனச்சோர்வு நோய்' எனப் பெயரிட்டு ஆய்வை நிறைவு செய்வர். பெயரிட்டதும் பாடல் விளங்கிவிட்டது என்னும் எண்ணம் மறுக்கத்தக்கது.

குறுந்தொகை 28ஆம் பாடலை நோக்கலாம். ஔவையாரின் இத்தலைவி ஒடுங்கிக் கிடப்பவள் அல்லள். எதன்மீதாவது மோதவும் உரக்கக் கத்தவும் துடிக்கிறாள். ஊரோ அவள் துயரறியாது உறங்குகிறது. இது சோர்வா, பதற்றமா, சினமா? மருத்துவக் கையேடே இங்குத் தெளிவு தருவதில்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பில் மனச்சோர்வுக்கு 9 குறிகள் உள்ளன. 5 இருந்தால் போதும். ஆகவே அப்பெயர் பெற்ற இருவருக்கு ஒரே ஒரு குறி மட்டும் பொதுவாக அமையவும் கூடும். பொதுப்பதற்ற நோயின் 6 குறிகளில் உறக்கக்கேடு, அமைதியின்மை, களைப்பு, கவனச்சிதைவு ஆகிய 4 மனச்சோர்வுப் பட்டியலிலும் ஏறத்தாழ அவ்வாறே காணப்படுகின்றன. 1980ஆம் ஆண்டுப் பதிப்பு, ஒரு நோயில் அடங்கும் குறிகளுக்கு வேறொரு நோய்ப்பெயரைத் தனியே தருவதைப் பல இடங்களில் தடுத்தது. 1987ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விதிகளுள் பலவற்றை நீக்கியது. அதன்பின் ஒருவரே பல நோய்ப்பெயர்களைச் சுமப்பது பெருகியது. சிகிச்சைக்கும் சட்ட உரிமைக்கும் பெயர் தேவைதான். பாடலுக்கு அத்தேவை இல்லை.

இச்சிக்கலைத் தொல்காப்பியர் வேறொரு தளத்தில் எதிர்கொண்டார். மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை 32 நிலைக்களன்களோடு கூறியபின் மேலும் 32 மெய்ப்பாடுகளை அடுக்குகிறது. முன்னவற்றுள் அடங்காத இடத்தே இவை தனியே கொள்ளப்படும் என்கிறது. வெரூஉதலும் நடுக்கும் அச்சத்தோடும், கையாறும் அரற்றும் அழுகையோடும் நெருங்கி நிற்பதை அவர் அறிந்தேயிருந்தார். எதை எதனுள் அடக்குவது என்பதைப் பட்டியல் முடிவு செய்யாது, இடம் முடிவு செய்யும் என்பதே அதன் பொருள். மெய்ப்பாடு பிணிக்குறி அன்று, காண்போர்க்குப் புலனாகும் உணர்வு என்னும் வேறுபாட்டையும் மறத்தலாகாது.

தவறான நோயறிதலைச் சங்கப் புலவர்களே எள்ளியுள்ளனர். மகளின் மெலிவுக்குக் காரணம் தேடும் தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கிட்டு, முருகனால் வந்தது என்கிறான். நற்றிணை 34இலோ, தன்னால் வந்த நோயன்று என அறிந்தும் வெறிக்களத்துக்கு வந்த முருகனையே அறிவிலி என்கிறாள் தோழி. இன்றைய ஆய்வாளர் சிலரது கையேட்டுக்கும் வேலனின் கழங்குக்கும் வேறுபாடு சிறிதே.

28ஆம் பாடலின் பழைய துறைக்குறிப்பு இவ்வாய்வேடுகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. திருமணம் தள்ளிப்போகும் காலத்தில், 'இவள் ஆற்றாள்' எனக் கவலையுற்ற தோழிக்குத் தலைவி கூறியது இது. உறங்கும் ஊரின்மீது அவள் கொள்ளும் சினத்துக்குக் காரணம் இச்சூழலில் உள்ளது. தன்னை ஆற்றாதவள் என எண்ணும் தோழிக்கு அவள் தரும் விடையும் அச்சினத்திலேயே உள்ளது.