சோளகக் காற்றில் ஒரு சன்னக் கணிப்புச் செயலி

சோளகம் வீசும் நாளில் தலைமன்னார் இறங்குதுறைப் பக்கம் நின்றால், பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. சன்னத்தின் போக்கைக் கணிக்கும் கைபேசிச் செயலி ஒன்றைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம். துவக்கு தேவையில்லை. சன்னத்தின் எடை, புறப்படும் வேகம், காற்றை ஊடறுக்கும் திறன், வெப்பநிலை, காற்று ஆகியவற்றைக் கொடுத்தால் மிச்சத்தை அதுவே கணக்கிடும். நோர்வேயில் மூஸ் வேட்டைக்குப் போகும் மச்சான் ஒருவர், 500 மீட்டரில் சுடலாமா என்று கேட்டிருந்தார். அவருடைய .30-06 துவக்கின் விவரங்களையே கொடுத்தேன்.

சன்னம் 11.7 கிராம், வேகம் செக்கனுக்கு 823 மீட்டர். குழல்வாயில் ஆற்றல் 3,950 ஜூல். 100 மீட்டரில் ஏறக்குறைய 3,400. 500 மீட்டரில் 1,700 அளவு. வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைய, ஆற்றல் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு போவதால் வரும் வீழ்ச்சி இது. இந்தக் கணக்கில் செயலியைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஆற்றலை மட்டும் பார்த்து விலங்கைச் சுடக்கூடாது. இலங்கையில் யானைகளைச் சுட்டுத் தள்ளிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் துவக்குத் தயாரிப்பாளர் கிப்ஸிடம் செய்வித்த துவக்கு 21 இறாத்தல் எடை. அதன் உருண்டைச் சன்னம் 3 அவுன்ஸ். வேகத்தைச் செக்கனுக்கு 400 மீட்டர் என்று வைத்தால் 6,800 ஜூல் வருகிறது. பிறகு ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேல் யானைகளைக் கொன்ற பெல், பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் துவக்கைத்தான் பயன்படுத்தினார். ஆற்றல் 2,750 ஜூல் அளவு. மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர் அவர். பேக்கரும் மிருகத்துக்குக் கிட்டப் போய்த்தான் சுட்டார். அந்தக் கொலைகளை நான் மெச்சவில்லை. சன்னம் எங்கே படுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்பதே முடிவைத் தீர்மானித்தது.

மென்முனைச் சன்னங்களில் பல, செக்கனுக்கு 550 மீட்டர் அளவு வேகம் இருந்தால்தான் உடலுக்குள் நன்றாக விரியும். மச்சானின் சன்னம் 500 மீட்டரில் அதற்கும் சற்றுக் கீழே. விரியாமல் ஊசித்துளை போட்டுக்கொண்டு போனால் மிருகம் காட்டுக்குள் ஓடி நாள் கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும். இந்த எல்லையைச் செயலி தானாகக் காட்டுவதில்லை. அது பெரிய குறை.

அடுத்தது காற்று. வானிலையை இணையத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. துறையில் நின்று அதை அழுத்தினேன். எங்கோ தூரத்து நிலையமொன்றின் மந்தக் காற்றைக் கொண்டுவந்து போட்டது. கைக் காற்றுமானியோ செக்கனுக்கு 8 மீட்டர் காட்டியது, அதுவும் நிலையாக இல்லை. மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகளை நட்டதற்குக் காரணமே இந்தக் காற்றுத்தானே! பக்கவாட்டில் 8 மீட்டர் என்று நானே கொடுத்ததும் 500 மீட்டரில் விலகல் ஒரு மீட்டரைத் தாண்டியது. நெஞ்சுக்குக் குறிவைத்தால் வயிற்றில் படும், அல்லது படவே படாது. பறக்கும் நேரம் முக்கால் செக்கன். அதற்குள் மூஸ் ஓர் அடி எடுத்து வைத்துவிடும். அதே காற்றில் 200 மீட்டருக்கு விலகல் ஒரு சாணுக்குள்.

நோர்வேச் சட்டமும் பெரிய மிருகங்களுக்கான ஆற்றலை 100 மீட்டரில்தான் அளக்கிறது: 10 கிராமுக்கு மேற்பட்ட சன்னத்துக்கு 2,200 ஜூல். மச்சானின் துவக்கு அந்தத் தூரத்தில் அதைத் தாராளமாகத் தாண்டுகிறது.

செயலியை வாங்கலாம். கணிதம் சுத்தம், இணையம் இல்லாமலும் ஓடுகிறது. தானியங்கி வானிலையை நிறுத்திவிட்டு, காற்றைக் கையால் அளந்து கொடுக்க வேண்டும். மச்சானுக்கு அட்டவணையை அனுப்பும்போது 200 மீட்டருக்கு மேற்பட்ட தூரங்களின் வரிகளை வெட்டிவிட்டேன். காரணத்தையும் எழுதியிருக்கிறேன்.