மாயாவை உரத்துக் கேளுங்கள்

எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி மாயா அருள்பிரகாசத்தின் பாட்டுகளை 'வெறும் இரைச்சல்' என்று ஒதுக்கிவிட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அந்த இரைச்சலுக்குள் இருப்பதெல்லாம் கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளர்ந்த காதுகளுக்குத்தான் சட்டென்று பிடிபடும்.

2007இல் வந்த 'காலா' அல்பத்தில் தொடங்குங்கள். காலா அவருடைய தாயின் பெயர். முதல் பாட்டு 'பேம்பூ பேங்கா'. அதற்கு முன் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டை ஒருதரம் கேட்டுவிடுங்கள். இளையராஜாவின் அந்த இசை இதற்குள் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. மாயா தொடக்கத்தில் சொல்லும் வரிகளோ, 'மொடர்ன் லவ்வர்ஸ்' என்ற அமெரிக்கக் குழுவின் 'ரோட்ரன்னர்' பாட்டைத் தழுவியவை. பங்க் இசைக்கு முன்னோடியான பாட்டு அது. இரண்டும் ஒன்றையொன்று விழுங்காமல் அருகருகே நிற்கின்றன. அந்தத் துணிவுதான் பங்க்.

அடுத்து 'பேர்ட் ஃப்ளூ'. தமிழ்நாட்டு உறுமி அதிரும் பாட்டு. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் உறுமி செத்துவிடும். நல்ல ஹெட்போன் வேண்டும்.

இந்த உறுமி ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் ஒப்பீடு: சிக்காகோவில் 1991இல் உருவான 'லொஸ் க்ரூடோஸ்' குழு, அமெரிக்காவில் இருந்துகொண்டே ஸ்பானிய மொழியில் பங்க் பாடியது. லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளின் கோபத்தை அவர்கள் தாய்மொழியில் வைத்தார்கள். ஆங்கிலத்தில் பாடும் மாயா தன் மக்களின் கோபத்தைத் தாளத்தில் வைத்தார்.

'பேப்பர் பிளேன்ஸ்' எல்லோருக்கும் தெரியும். அதன் அடியில் ஓடும் இசை, 'க்ளாஷ்' என்ற லண்டன் பங்க் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்தது. அதுவும் குடியேறிகளைப் பற்றியதுதான். பல்லவியில் துப்பாக்கி வெடிக்கும், காசுப்பெட்டி திறக்கும். வந்தேறிகளைக் கண்டு மேற்குலகம் கொள்ளும் பயத்தை அதன் முகத்துக்கே திருப்பிக் காட்டும் நையாண்டி அது. அமெரிக்க விசா கிடைக்காமல் மாயா இழுபட்ட காலத்தில் பிறந்த பாட்டு. கொழும்பு காலி வீதியில் விசாவுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அவருடைய அரசியல் பேச்சு எல்லாவற்றோடும் நீங்கள் உடன்பட வேண்டியதில்லை, நானும் உடன்படுவதில்லை. ஆனால் அவர் எங்கிருந்து வருகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். 1975இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாக லண்டன் திரும்பியவர். ஈரோஸ் என்ற ஈழத்தமிழ்ப் போராட்ட இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான தந்தை அருளர், 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலில் கொழும்புத் தமிழரைக் காங்கேசன்துறைக்கு ஏற்றிச் சென்ற கப்பலை வைத்து 'லங்கா ராணி' நாவலை எழுதினார். மகளின் முதல் அல்பத்துக்கு (2005) 'அருளர்' என்றே பெயர். அந்த நாவலை வாசித்துவிட்டு இந்த அல்பத்தைக் கேளுங்கள்.